ஊர் வரலாற்றில் எங்கள் வீட்டுக்கு விட்ட இடம்

இந்த நாட்டில் குப்பைத் தொட்டிக்கும் முகமும் முதுகும் உண்டு. வாரத்தில் ஒரு மாலை அதை உருட்டிக்கொண்டுபோய் வீதியோரத்தில் நிறுத்தும்போது, மூடி திறக்கும் பக்கம் வீதியைப் பார்க்க வேண்டும். கைபிடி வீட்டைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் லொறியின் இரும்புக் கை அதைச் சரியாகத் தூக்காது. அடுத்த நாள் வெறும் தொட்டியை உள்ளே எடுக்க மறந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வந்து உங்கள் வாசலில் வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவார். எங்கள் ஊரில் அடுத்தவன் குப்பையில் ஒருவன் கைவைக்கிறான் என்றால் அதற்கு முன் ஒரு வேலிச் சண்டையாவது நடந்திருக்கும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. இப்போது சிட்னியின் டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டு பிலிப்பீன்ஸ் பெண் என் தொட்டியை உருட்டிக்கொண்டு வருவதை யன்னலால் கண்டால், செருப்பும் போடாமல் ஓடிப்போய் அவள் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொள்கிறேன். அவள் சிரிக்கிறாள். எனக்கு முகம் எரிகிறது.

காரணம் லெஸ். சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் இடையிலான ரயில் பாதையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வேயில் சிக்னல்மனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. துணிச்சல் இல்லாததுதான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத் தொடக்கத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நிமிர்ந்த, சீரான கையெழுத்து. தன் ஊர் தோன்றிய வரலாற்றை அவர் சிறு புத்தகமாக எழுதி, தபாற்கந்தோரில் வைத்து விற்றுவந்தார். அதைப் பெரிதாக்கித் திரும்பவும் அச்சிடப்போகிறாராம். இந்த முறை ரயில்வேத் தெருவை வீடு வீடாக எழுதுகிறாராம்: யார் இருந்தார்கள், எப்போது முதல், எப்போது வரை. “உங்கள் வீட்டுக்கு அரைப் பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். நீங்களே எழுதினால் நல்லது. முதல் எனக்குத் தெரியும். வரைதான் வேண்டும்” என்று முடித்திருந்தார்.

குசினியில் நின்றபடியே அதை மூன்று தரம் வாசித்தேன். அவர் கேட்டது ஒரு மாதத்தின் பெயர், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் அந்த வீட்டில் உண்மையாகச் சீவித்தது நாலு மாதம். குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதிக் கொடுத்தது இரண்டு வருடத்துக்கு மேல். அந்த இரண்டு வருடத்தைக் கொண்டுதான் நாங்கள் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கும் உரிமையைப் பெற்றோம். பிறகு குடியுரிமை எடுத்தோம், கொடியோடு நின்று படமும் எடுத்தோம். லெஸ்ஸுக்கு உண்மையை எழுதினால் அது அச்சில் வந்து எங்களுக்கு எதிராக நிற்கும். பொய்யை எழுதினால் அது ஒரு ஊரின் வரலாறாகிவிடும்.

அந்த வரலாறு பெரியதொன்றுமில்லை. பாதை போடும் கூட்டம் கூடாரங்களோடு வந்து நிற்கும்வரை அந்த இடத்தில் ஊர் என்று ஒன்று இருக்கவில்லை என்று லெஸ்ஸின் பழைய புத்தகம் தொடங்கும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் தேவை; சாரதிக்கு நித்திரை தேவை. இரண்டுக்கும் ஓரிடம் வேண்டுமென்று அளவையாளர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளியைச் சுற்றித் தண்ணீர்த் தாங்கி வந்தது, எஞ்சின் கொட்டகை வந்தது, மதுக்கடை வந்தது, அதன் பிறகுதான் தேவாலயம் வந்தது. இந்த வரிசையை லெஸ் வேண்டுமென்றே அழுத்தி எழுதியிருப்பார். மெல்பேர்ன் வண்டி நின்றதும் பயணிகள் விழுந்தடித்து ஓடிவந்து, விசில் ஊதுமுன் தேநீரையும் ‘பை’ என்ற இறைச்சிப் பணியாரத்தையும் விழுங்கிவிட்டுப் போன சிற்றுண்டிச்சாலை ஒன்றும் இருந்தது. அங்கே பரிமாறிய பெண்தான் அவருடைய மனைவி.

பிறகு டீசல் எஞ்சின் வந்தது. அதற்குத் தண்ணீர் வேண்டாம், வழியில் நிற்கவும் வேண்டாம். சாரதிகளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சிக்னல்களை எங்கோ தூரத்திலிருந்து இயக்கப் பழகினார்கள். ஆட்கள் போகும்போது வீடுகளையும் கொண்டுபோனதை நான் அந்தப் புத்தகத்தில்தான் முதலில் படித்தேன். மரவீடுகள் என்பதால் இரண்டாக அறுத்து லொறியில் ஏற்றி, வேறு ஊரில் கொண்டுபோய் இறக்குவார்களாம். மிஞ்சுவது வாசற்படி மட்டும். இப்போது மெல்பேர்ன் வண்டி யாராவது முன்கூட்டியே இடம் பதிந்திருந்தால் மட்டும் அங்கே நிற்கும். அந்தப் பாதைக்கெல்லாம் முன்னரே அங்கே வாழ்ந்த விராஜுரி என்ற பூர்வகுடி மக்களைப் பற்றி பழைய புத்தகத்தில் ஒரேயொரு வசனம் இருந்தது. அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இலங்கையிலிருந்து ஒரு குடும்பம் தெருவின் கடைசி வீட்டுக்கு வந்திருக்கிறது, ஊர் மகிழ்கிறது என்று இன்னொரு வசனம். எப்போதும் இருந்தவர்களுக்கும் ஒரு வசனம், வந்து நாலு மாதம் இருந்த எங்களுக்கும் ஒரு வசனம்.

நானும் ஒரு ரயில் ஊரில் பிறந்தவள்தான். வடக்குப் பாதையில் ஒரு சின்ன ஸ்ரேசன். ஆனால் எனக்கு விவரம் தெரிந்தபோது அங்கே ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் போரில் பதுங்கும் பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன. ஸ்ரேசன் மேடையில் ஆடுகள் படுத்திருக்கும். நான் ரயிலைக் கண்ணால் காணுமுன்னரே அதன் தண்டவாளத்துக்குக் கீழே பலமுறை குந்தியிருந்திருக்கிறேன். ஒருமுறை லெஸ் வேலியோரம் நின்று, உங்கள் ஊரிலும் ரயில் ஓடியதா என்று கேட்டார். ஓடியது, பிறகு பாதையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி, இங்கேயும் கிளைப்பாதைக்கு அதுதான் நடந்தது, மேலிடத்தில் இருக்கிறவர்களுக்கு ஊர்களைப் பற்றி என்ன கவலை என்று நொந்துகொண்டார். பங்கரைப் பற்றி விளக்க என் ஆங்கிலத்துக்கு அப்போது தெம்பு போதவில்லை. ஒரே துயரம்தான் இருவருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன்.

நாங்கள் அந்த ஊருக்குப் போனது ஊரை விரும்பி அல்ல. எங்களுக்குக் கிடைத்த வீசா அப்படி. பெருநகரங்களுக்கு வெளியே இரண்டு வருடம் இருந்தால்தான் அடுத்த படி. கணவர், மூன்று வயது மகள், நான் மூவரும் ஏப்ரல் மாதத்தில் போய் இறங்கினோம். லெஸ் முதல் நாளே வந்து தண்ணீர் எங்கே திருப்புவது, அடுப்பு எப்படி மூட்டுவது, குப்பைத் தொட்டியை எப்படி வைப்பது என்றெல்லாம் காட்டித் தந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தை இங்கே என்னுடைய பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு விதமாக அவரை என்னால் நினைக்க முடியவில்லை. என்னை அவர் ‘லவ்’ என்று கூப்பிடுவார். முதல் தடவை திடுக்கிட்டுப் போனேன். அது எங்கள் ‘பிள்ளை’தான் என்று விளங்க ஒரு மாதம் எடுத்தது.

அந்தக் குளிர் எங்களுக்குப் பழக்கமில்லை. கதைக்க ஆளில்லை. மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஓகஸ்ட் மாதத்தில் கணவருக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. டூங்கபியில் மச்சாள் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் சிட்னியில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது, இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு அங்கிள் வழி சொன்னார்.

“வீட்டை மட்டும் விட்டிடாதேங்கோ பிள்ளை. உங்கட பேரில வாடகை, உங்கட பேரில கரண்ட் பில். வரேக்க ஒரு லைற்றைப் போட்டுட்டு வாங்கோ. கரண்ட் பாவிக்காம பில் வந்தா அவங்களுக்குச் சந்தேகம் வரும்.”

அப்படியே செய்தோம். எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே என்று கணவர் சொன்னார். எல்லாரும் செய்யவில்லை. குளிரையும் தனிமையையும் பொறுத்துக்கொண்டு இரண்டு வருடமும் கிடந்த குடும்பங்கள் எனக்கே தெரியும். அந்தப் பக்கத்திலேயே வேலை செய்ததாகக் காட்டும் கடிதத்தை எப்படி எடுத்தோம் என்பதை நான் எழுதவில்லை. அது இன்னொருவருடைய வெட்கம். லெஸ்ஸிடம் நான் சொன்ன பொய் இதுதான்: எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பெரிய ஊரின் இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்திருக்கிறது, மகளையும் அங்கே ஒரு பெண்ணிடம் விடுகிறோம், இனிப் பகலில் நித்திரைதான், எங்களைக் காணவே கிடைக்காது. அவர் மிகவும் கவலைப்பட்டார். இரவு வேலை உடம்பைத் தின்றுவிடும், தனக்குத் தெரியும் என்றார்.

மாதம் ஒரு சனிக்கிழமை நான் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போவேன். கடிதங்களை எடுப்பேன். குழாய்களைத் திறந்து விடுவேன். யன்னல் சீலையை மாற்றிப் போடுவேன். ஒரு கறி வைத்து வீடு மணக்கச் செய்வேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனால் செய்தேன். சோறும் பருப்பும் கறியும் ஒரு பெட்டியில் போட்டு லெஸ்ஸுக்குக் கொடுப்பேன். அடுத்த முறை பெட்டி கழுவி, நிறையத் தேசிக்காயோடு திரும்பி வரும். ஒவ்வொரு வாரமும் எங்கள் தொட்டியை வீதிக்குக் கொண்டுபோனதும், திரும்பக் கொண்டுவந்ததும் அவர்தான். வெறும் தொட்டியை வைத்தால் நல்லாயிராது என்று தன்னுடைய குப்பையில் பாதியை அதில் போட்டுவைப்பார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் ஒக்ரோபரில் ஒருநாள் நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது லெஸ் அடிமேல் அடி வைத்து வேலியருகே வந்தார். குரலை இறக்கி, காற்றில் பேசுவதுபோலக் கேட்டார்.

“அவர் நித்திரையோ?”

“ஓம், இப்பதான் படுத்தவர்” என்று நானும் அதே குரலில் சொன்னேன். கணவர் அந்த நேரம் சிட்னியில், ஹரிஸ் பார்க்கில் மகளுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நான் மூண்டு மணிக்குப் பிறகுதான் புல்லு வெட்டுற மெசினைப் போடுறனான். பயப்படாதையும். தெருவில மற்ற ஆக்களிட்டையும் சொல்லிப்போட்டன்.”

பட்டப்பகலில் இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவரும் இல்லாத வீட்டை எழுப்பிவிடக் கூடாதென்று கிசுகிசுத்துக்கொண்டு நின்றோம். அன்று திரும்பி வரும்போது இடையில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். அழவில்லை. அழுதிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த மாதமும் போனேன்.

இரண்டு வருடம் முடிந்தபோது, நாங்கள் அங்கே இருந்ததாக ஊராள் ஒருவரின் கடிதமும் வேண்டும் என்றார்கள். லெஸ்ஸிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மேசையில் இருந்து, இவர்கள் என் பக்கத்து வீட்டில் வசிக்கிறார்கள், நல்ல அயலவர்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். பி.ஆர். என்ற நிரந்தர உரிமை வந்த மாதமே வீட்டை விட்டோம். அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினோம். வேலை மாறிவிட்டது, சிட்னிக்குப் போகிறோம் என்று அதில் எழுதினேன்.

என் ஊரில் வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீடுகள் எத்தனையோ. கூலிக்கு ஒரு ஆள் பின்னேரம் வந்து கேற்றைத் திறந்து, லைற்றைப் போட்டுவிட்டுப் போவார். இடம்பெயர்ந்து வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த எங்களுக்கு அந்த வெளிச்சத்தைக் காண வயிறு பற்றி எரியும். ஆளில்லாத வீட்டுக்கு என்ன வெளிச்சம் வேண்டிக்கிடக்கிறது என்று அம்மா திட்டுவார். அந்தத் திட்டில் நானும் சேர்ந்துகொள்வேன். இப்போது அதே வேலையை இன்னொருவர் ஊரில் நான் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

நியாயம் சொல்லவும் எனக்குத் தெரியும். எங்களுக்குப் பட்டியல்கள் என்றால் உயிர் தப்பும் வழி. நிவாரணப் பட்டியலில் இல்லாத ஆளையும் சேர்த்து மாவு வாங்கியிருக்கிறோம். பதிவில் ஓரிடம், படுக்கை வேறிடம் என்று வருடக்கணக்கில் இருந்திருக்கிறோம். உண்மையான விலாசத்தைச் சொன்னவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் லெஸ்ஸின் ஊரில் எங்களை யாரும் துரத்தவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் தேசிக்காய் தந்தார். போரை இந்தக் கணக்கில் இழுத்துவிடுவது போரில் செத்தவர்களுக்கும் மரியாதை இல்லை.

கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“இரண்டு வருசமெண்டு போட்டு அனுப்பிவிடு. ஆர் பாக்கப்போறான்?” என்றார். நான் கடிதத்தைத் திரும்ப மடிப்பதைக் கண்டு, “இல்லாட்டி ஒண்டும் எழுதாத. எழுத்தில ஒண்டும் குடுக்காத” என்றார்.

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். வாயால் சொன்னால் அது எழுத்தில்லையே என்று இதிலும் ஒரு கள்ளக் கணக்கு இருந்தது. ஒரு சனிக்கிழமை தனியாகக் கார் ஓட்டிப் போனேன். தெருவின் கடைசிக்கு வந்தபோது எங்கள் வீடு அங்கே இல்லை. யாரோ வாங்கி, அறுத்து, லொறியில் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று வாசற்படிகள் மட்டும் எங்கும் போகாமல் புல்லுக்குள் நின்றன. புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. யார் வெட்டியிருப்பார் என்று கேட்கத் தேவையில்லை.

லெஸ் மெலிந்திருந்தார். மேசை முழுதும் புதிய புத்தகத்தின் தாள்கள். முதல் அத்தியாயத்தை இப்போது ஒரு விராஜுரிப் பெண்மணி எழுதித் தந்திருக்கிறார் என்று காட்டினார். பழைய ஒற்றை வசனத்துக்காகத் தன்னை அவர் நன்றாகத் திட்டினார், திட்டியது சரிதான் என்றார். பிறகு ரயில்வேத் தெருவின் தாள்களை எடுத்தார். ஒவ்வொரு வீட்டின் கீழும் பெயர்கள், முதல், வரை. தெருவில் மற்ற எல்லாரும் போய்விட்டார்கள்; எங்கள் வீட்டைத் தவிர ஒரு வீட்டில் மட்டும் வரை வெறுமையாக இருந்தது. அது அவருடைய வீடு.

“வரை இல்லாட்டி ஆள் இன்னும் இருக்குதெண்டு அர்த்தம்” என்றார். “என்ர வரையை ஆரும் பிறகு எழுதட்டும். உம்மட வரையைச் சொல்லும்.”

வழியெல்லாம் வசனங்கள் தயார்செய்துகொண்டு வந்திருந்தேன். “லெஸ், நாங்கள் அங்க இருக்கேல்லை” என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியும் பிள்ளை.”

“எப்ப இருந்து?”

“ரெண்டாவது குளிருக்கே தெரியும். காலமை பத்து மணிக்கும் உங்கட கூரையில பனி வெள்ளையாக் கிடந்தது. ஆள் இருக்கிற வீட்டுக் கூரையில அப்பிடிக் கிடவாது. லைற்றுக்குப் பனி உருகாது.”

 கதிரையில் இருந்தேன். “அதுக்குப் பிறகும் ஏன் மூண்டு மணிக்குப் பிறகு புல்லு வெட்டினனீங்கள்?”

“பழகிப் போச்சு” என்றார்.

“அப்ப அந்தக் கடிதம்? தெரிஞ்சுகொண்டோ கையெழுத்து வச்சனீங்கள்?”

“நீர் கேட்டனீர்.”

 எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு பெரிய பழைய புத்தகத்தை எடுத்து வந்தார். சிக்னல் அறையை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்ததைத் தான் எடுத்துவைத்தது என்றார். ஒவ்வொரு வண்டியும் வந்த நிமிடம், போன நிமிடம், எல்லாம் மையில். அழிப்பதற்கு அனுமதி இல்லை. பிழையாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதன் பக்கத்தில் எழுதியவரின் கையெழுத்து. பிழையும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதியாம். பல பக்கங்களைப் புரட்டினார். அவருடைய கையெழுத்தில் இரண்டு கோடுகள் மட்டும் கண்டேன்.

“வராத வண்டியை வந்ததெண்டு ஒரு நாளும் எழுதேல்லை” என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, “உமக்குத் தந்த கடிதம் வேற. அது அயலுக்குச் செய்தது. இது ஊர்ப் புத்தகம். இதில நான் எழுதமாட்டன். நீர் எழுதும். எதை எழுதினாலும் அப்படியே போடுறன்” என்றார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இத்தனை வருடமும் ஒரு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரை நான் ஏமாற்றவேயில்லை. வாழ்நாளில் ஒரு வண்டியைக்கூடப் பொய்யாக எழுதாத மனிதரை, எங்களுக்காகத் தெரிந்துகொண்டே ஒரு பொய்யில் கையெழுத்து வைக்கச் செய்திருக்கிறேன். அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். தாளில் எங்கள் வீட்டின் கீழே என் முழுப் பெயர் ஓர் எழுத்தும் பிழைக்காமல் இருந்தது. இந்த நாட்டில் யாரும் அதை முழுதாக எழுத முயன்றதில்லை.

பேனாவை எடுத்தேன். கணவரின் குரல் காதுக்குள் கேட்டது. மகளின் பள்ளிக்கூடம், எங்கள் வீடு, கொடியோடு நின்ற படம் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. “வீட்டை போய் ஆறுதலா எழுதி அனுப்புறன்” என்றேன். நோ வொறிஸ் என்றார். வாசல்வரை வந்து, ஒரு பை தேசிக்காய் தந்தார். நான் காரைத் திருப்பும்வரை நின்றார்.

எழுதவில்லை. எழுதாததற்குச் சிட்னியில் ஒரு நல்ல காரணமும் கிடைத்தது: உண்மையை எழுதினால் லெஸ்ஸின் கடிதமும் பொய்யென்று ஆகும், வயதான மனிதரைச் சிக்கலில் மாட்டக் கூடாது. அவரைக் காப்பாற்றுகிறேனாம். இரண்டு வாரம் அந்தக் காரணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரை கொண்டேன். அவரிடமிருந்து ஒரு அட்டை வந்தது, அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது என்று. அதற்கும் பதில் போடவில்லை. ரெலிபோன் அடித்தால் இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். அவரிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

புத்தகம் போன மாதம் தபாலில் வந்தது. ரயில்வேத் தெரு, கடைசி வீடு. எங்கள் மூன்று பெயர்கள், இலங்கை. முதல், ஏப்ரல். அதன் பிறகு வரை என்ற சொல், அதற்கு எதிரே வெறும் தாள். அரைப் பக்கமும் அப்படியே விடப்பட்டிருந்தது. எனக்காக அவர் பொய்யும் எழுதவில்லை, என்னைக் கேட்காமல் உண்மையும் எழுதவில்லை.

கணவர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “பாத்தியா, ஒண்டும் எழுதேல்லை. தங்கமான மனுசன்” என்றார். அது உண்மைதான். மகள் கதிரையில் காலை மடக்கி இருந்துகொண்டு முன்னுரையிலிருந்து படித்தாள். இப்போது உயர்பள்ளியில் படிக்கிறாள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். வரை எழுதாத வீடுகளில் அந்தக் குடும்பங்கள் இன்னும் வசிக்கின்றன என்ற குறிப்பை அவள்தான் கண்டுபிடித்தாள். தெருவில் அப்படி இரண்டு வீடுகள்தான் இருந்தன.

“அம்மா, ஸோ வி ஸ்டில் லிவ் தேர்?” என்று சிரித்துக்கொண்டு கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் அடுத்ததாக, அங்கிருந்து எப்போது வந்தோம் என்று கேட்பாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனேன்.

அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல இங்கே வந்தவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த வீட்டில் எங்கள் வரை ஓகஸ்ட். வந்த அதே வருடத்தின் ஓகஸ்ட். நாலு மாதம் இருந்தோம், மிச்சத்துக்கு ஒரு லைற் இருந்தது. அந்த அரைப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டு வரி வராது. நான் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். லெஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.